"அது இன்னாத்துக்கு சார் அழுவுது?"

சுற்றறிக்கையின் மூன்றாவது வரியில்தான் நாடகத்தின் பெயர் வந்தது. முதல் வரியில் 'ஆங்கிலம் கேட்கும் திறன்', இரண்டாவது வரியில் 'உச்சரிப்பு மேம்பாடு', நான்காவது வரியில் 1,500 ரூபாய். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்கு ஆங்கில நாடகம் பார்க்க அழைத்துப் போனது. நான் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் என்பதால் துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நாடகம், மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தழுவியது.

அதிகாலை நான்கு மணிக்குப் பேருந்து கிளம்பியது. உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை பாட்டு, விழுப்புரம் வரை தூக்கம், திண்டிவனத்தில் இட்லி. பதினொரு மணிக்கு அரங்கத்தில் இருந்தோம்.

மேடையில் இருட்டு. மின்னல் வெட்டியதும் மேசைமேல் கிடந்த துணிமூட்டை அசைந்தது. எங்கள் பிள்ளைகள் போட்ட கூச்சலில், முன்வரிசையில் இருந்த சென்னைப் பள்ளி ஆசிரியை ஒருவர் திரும்பி முறைத்தார். நியாயமான கூச்சல்தான் அது. அதற்காகத்தானே மின்னலை வெட்டவிட்டார்கள்! சிக்கல் அதற்கப்புறம் வந்தது. நாடகத்தில் பெரும்பகுதி பேச்சு. பூதத்தைப் படைத்த விக்டர் பேசுகிறான், அவன் அப்பா பேசுகிறார், அவன் மணக்கப்போகும் எலிசபெத் பேசுகிறாள், கடைசியில் அந்தப் பூதமே பேசுகிறது. பேச்சு நீள நீளப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தனக்கு ஒரு துணையைப் படைத்துத் தரும்படி பூதம் மண்டியிட்டு அழுதபோது எங்கள் வரிசையில் சிரிப்பு. சிரித்த பிள்ளைகளை ஆசிரியைகள் தொடையில் கிள்ளினார்கள். என் பக்கத்தில் இருந்த பையன் மட்டும் சிரிக்கவில்லை. காதருகே வந்து, "அது இன்னாத்துக்கு சார் அழுவுது?" என்றான்.

அன்று அந்த அரங்கத்தில் யாரும் அதைவிட நல்ல கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் விடை சொல்ல அது நேரமில்லை. சொல்லவேண்டிய நேரம் ஒரு வாரத்துக்கு முன்பே, வகுப்பறையில், கடந்து போயிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு விசாரித்தேன். ஆங்கில ஆசிரியை நல்லவர், உழைப்பவர். "கதைய சொல்லிட்டா சஸ்பென்ஸ் போயிடும் சார்" என்றார். இந்தப் பயணத்தின் மற்ற எல்லாக் குறைகளும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளைத்தவை என்றே எனக்குப் படுகிறது. அதற்கு வருமுன் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

பள்ளிப் பிள்ளைகளைப் பேய் நாடகத்துக்குக் கூட்டிப்போகும் வழக்கத்துக்குப் பிறந்த வீடு இங்கிலாந்து. அங்கே இதற்கென்றே ஒரு நாடகம் இருந்தது என்று சொல்லலாம்: 'தி உமன் இன் பிளாக்'. சூசன் ஹில் 1983-ல் எழுதிய நாவல். சதுப்பு நிலத்துக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு வீடு, கண்ணெதிரே குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், அவள் இறந்த பிறகும் அடங்காத வஞ்சம். 1987 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்கார்பரோ என்ற கடலோர ஊர் நாடக அரங்குக்காக ஸ்டீஃபன் மாலட்ராட் அதை நாடகமாக்கினார். கையில் பணம் குறைவு. எனவே நாவலில் வருகிற அத்தனை ஆட்களையும் இரண்டே நடிகர்களுக்குள் அடக்கினார். கூட ஒரு பேய். பேயாக நடிக்கும் பெண்ணின் பெயரை நிகழ்ச்சித் தாளில்கூடப் போடுவதில்லை. ஒரு பிரம்புப் பெட்டிதான் குதிரைவண்டி, அதுவே மேசை, அதுவே கட்டில். கதையில் ஒரு நாய் உண்டு, மேடையில் கிடையாது. கூப்பிடுகிற குரலையும் தடவிக்கொடுக்கிற கையையும் வைத்து நாம்தான் நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1989-ல் லண்டன் ஃபார்ச்சூன் அரங்கத்துக்கு வந்த அந்த நாடகம் 2023 மார்ச்சில் நிற்கும்வரை 13,000 தடவைக்கு மேல் நடந்தது. இருக்கைகளைப் பெருமளவு நிரப்பியவை பள்ளிக் கூட்டங்கள்.

அந்தப் பிள்ளைகளும் கத்தினார்கள். கத்துவதில் கள்ளக்குறிச்சிக்கும் லண்டனுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே நாவலும் நாடகமும் பாடத்தில் இருந்தன, நாடகக் கலையே தனிப் பாடமாகவும் இருந்தது. பெட்டியை எப்படி வண்டியாக்குகிறார்கள், ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது, விளக்கு எப்போது மங்குகிறது என்று கவனித்து வந்து எழுத வேண்டும். பல வாரம் நடத்திய பாடத்துக்குக் கடைசிப் பக்கமாக அந்தப் பயணம் அமைந்தது. நாம் பாடத்தை விட்டுவிட்டுப் பேருந்தை மட்டும் வரவழைத்துக்கொண்டோம்.

இந்தியப் பள்ளிகளுக்கும் ஆங்கில நாடகம் புதிதல்ல. ஜெஃப்ரி கெண்டலின் 'ஷேக்ஸ்பியரானா' குழு 1940-களிலும் 50-களிலும் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் போட்டது. அப்போது குழு மூட்டை கட்டிக்கொண்டு பள்ளியைத் தேடி வந்தது. இப்போது பள்ளி மூட்டை கட்டுகிறது. சென்னையில் 1955-ல் தொடங்கிய மெட்ராஸ் பிளேயர்ஸ் இருக்கிறது, குழந்தைகளுக்காகவே 1991-ல் தொடங்கிய தி லிட்டில் தியேட்டர் இருக்கிறது, 1896-ல் கட்டிய எழும்பூர் மியூசியம் தியேட்டர் இருக்கிறது. நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுடைய பார்வையாளர்கள் பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம் புழங்குகிற நகரத்துப் பிள்ளைகள். அந்தக் காதுக்காகச் செய்த நாடகத்தின் முன், 250 கிலோமீட்டர் தாண்டி வந்த வேறொரு காதை உட்கார வைக்கும்போது, இடையில் ஒரு ஆள் தேவைப்படுகிறார். அவர் பெயர்தான் ஆசிரியர்.

இனி அந்த 'சஸ்பென்ஸ்'.

கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது வேடிக்கை. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் என்ன நடக்கிறது? அரவான் சாகப்போகிறான் என்பது தெரியாமலா திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள்? மறுநாள் தாலியை அறுத்து வெள்ளை உடுத்துவோம் என்று தெரிந்தேதான் கட்டிக்கொள்கிறார்கள். அந்த அழுகையைக் கேட்டவர் யாரும், முடிவு தெரிந்த கதையில் உணர்ச்சி இருக்காது என்று சொல்லத் துணியமாட்டார்.

கூத்தும் அப்படித்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிற ஊர்களில், பதினெட்டாம் போர் அன்று வயலில் துரியோதனனை மண்ணால் ஆள் உயரத்துக்குப் பல மடங்காகப் படுக்கவைத்திருப்பார்கள். அவன் தொடை பிளக்கும், திரௌபதி வேஷக்காரர் அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிவார். ஊரில் அது தெரியாத குழந்தை கிடையாது. தெரிந்தும், பீமன் கதாயுதத்தை ஓங்கும்போது பாயில் படுத்திருக்கிற பிள்ளை எழுந்து அம்மா மடியில் ஏறிக்கொள்ளும். அடுத்து என்ன என்று காத்திருப்பதில் கிடைப்பது ஒரு சின்னப் பயம். நடக்கப்போவது தெரிந்தும் தடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதில்தான் பெரிய பயம் இருக்கிறது. ஃபிராங்கன்ஸ்டைன் இந்த இரண்டாவது வகை. எலிசபெத் சாகப்போகிறாள் என்று தெரிந்தவனுக்குத்தான் திருமண இரவுக் காட்சியில் உள்ளங்கை வியர்க்கும். தெரியாதவனுக்கு அது, வெளிநாட்டு உடை போட்ட இரண்டு பேர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிற ஒரு காட்சி.

இன்னொன்று. கூத்தில் பெரிய வேஷம் வருமுன் இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்குப் பின்னால் சலங்கை ஒலி, பின்பாட்டு, மத்தளம். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். ஆள் தெரிய நேரமாகும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். லண்டன் பேய்ப் பெண்ணும் மெல்லிய திரைக்குப் பின்னால்தான் நின்றாள். ஒரு பெட்டியை வண்டி என்று நம்பச் சொன்னால் கூத்துப் பார்த்த பிள்ளை உடனே நம்பும். ஒரு பெஞ்சை அரியாசனம் என்று இரவெல்லாம் நம்பிய பிள்ளை அது. நாடகம் பார்க்கிற பயிற்சி அதற்கு இல்லை என்று நினைத்ததுதான் பள்ளியின் பிழை. கண்ணுக்கும் காதுக்கும் பயிற்சி முன்பே இருக்கிறது. இல்லாதது மொழி மட்டும்.

தமிழ் மேடைக்கு அச்சத்தின் அளவும் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேஷம் கட்டி வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனதாகவும், அதனால் மனம் நொந்து அவர் வேஷம் கட்டுவதையே விட்டு நாடக ஆசிரியராகிவிட்டதாகவும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. எவ்வளவு உண்மையோ. ஆனால் அதைச் சொல்லிவந்தவர்களுக்கு, பயமுறுத்துகிற கலைக்குப் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் இருந்திருக்கிறது.

நம் பயணத்தில் அந்த எண்ணம் இருந்ததா? இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிணம் கிடந்த ஊர் இது. அப்பாவை இழந்த பிள்ளைகள், அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகள் இந்த நகரத்துப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பிணங்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டு உயிர் கொடுக்கும் கதைக்குப் பேருந்து ஏற்றுமுன், எந்தப் பிள்ளை வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு முறை யோசித்திருக்க வேண்டும். சுற்றறிக்கையில் 'பேய்' என்ற சொல்லே இல்லை. 'கிளாசிக்' என்று இருந்தது.

அப்படிப்பட்ட பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேரி ஷெல்லியின் முதல் குழந்தை 1815-ல் பிறந்து சில நாளிலேயே இறந்தது. குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்திருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு ஜெனீவா ஏரிக்கரையில், கோடையே வராத அந்தக் கோடையில், 18 வயதில், செத்த உடலுக்கு உயிர் வருகிற கதையைத் தொடங்கினார். இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய சாம்பல்தான் அந்தக் குளிருக்குக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. புத்தகம் 1818-ல் பெயர் போடாமல் வெளிவந்தது. ஆக, இது துக்கத்திலிருந்து வந்த கதை. துக்கம் தெரிந்த பிள்ளைக்கு மற்றவர்களைவிட இது நன்றாகவே விளங்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் கூட்டிப்போவது வேறு, ஒன்றுமே சொல்லாமல் இருட்டில் உட்காரவைப்பது வேறு.

சரி, பூதம் எதற்கு அழுதது?

அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை, நாவலின் நடுப்பகுதியில் இருக்கிறது. படைத்தவன் கைவிட்டு ஓடியபின் பூதம் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொள்கிறது. பலகை இடுக்கு வழியாக அடுத்த வீட்டைப் பார்க்கிறது. அங்கே கண் தெரியாத ஒரு கிழவர், அவருடைய பிள்ளைகள். அவர்கள் வாயிலிருந்து வருகிற ஒலிக்குப் பொருள் உண்டு என்று முதலில் அதற்குப் புரிகிறது. பிறகு நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்குகிறது. அந்த வீட்டுக்கு வேற்றுமொழி பேசும் ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு அவர்கள் மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பூதமும் அதே பாடத்தைப் படித்துக்கொள்கிறது. அவளைவிட வேகமாகக் கற்றுக்கொண்டதாகப் பெருமையும் படுகிறது. மொழி வந்துவிட்டால் தன் முகத்தை மறந்து தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறது. ஒருநாள் துணிந்து உள்ளே போய்க் கிழவரிடம் பேசுகிறது. கண் தெரியாதவர் அன்பாகக் கேட்கிறார். கண் தெரிந்தவர்கள் வந்ததும் அடித்து விரட்டுகிறார்கள்.

ஆங்கிலத்தைச் சுவர் இடுக்கு வழியாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை உலக இலக்கியத்தில் இருக்கிறதா? மொழி வந்துவிட்டால் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதானே அந்த 1,500 ரூபாய்? முறைத்த ஆசிரியையின் பார்வையில் எங்கள் பிள்ளைகள் கொட்டகையில் இருந்தார்கள், அவருடைய பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். மேடையில் ஓடிக்கொண்டிருந்தது இவர்களுடைய கதை. இவர்களுக்கு அதை யாரும் சொல்லாததால் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாடகமாக்கியவர்கள் செய்த தவறும் இதில் உண்டு. 1823-ல் லண்டனில் முதன்முதலாக இந்த நாவல் மேடையேறியபோதே பூதத்தின் வாயை அடைத்துவிட்டார்கள். உறுமும், தாவும், பேசாது. மேரி ஷெல்லியே போய்ப் பார்த்தார். நடிகர் பட்டியலில் பூதத்துக்குப் பெயர் போடாமல் வெறும் கோடு போட்டிருந்ததை ரசித்தார். அதன் பிறகு மேடையிலும் திரையிலும் பெரும்பாலும் ஊமைப் பூதம்தான். 2011-ல் லண்டன் நேஷனல் தியேட்டருக்காக நிக் டியர் எழுதி டேனி பாயில் இயக்கிய நாடகம் கதையைப் பூதத்தின் பக்கமிருந்தே தொடங்கியது. பெனடிக்ட் கம்பர்பாட்சும் ஜானி லீ மில்லரும் ஒரு நாள் படைத்தவன், மறுநாள் பூதம் என்று மாறி மாறி நடித்தார்கள். நாங்கள் பார்த்த நாடகம் இந்த இரண்டுக்கும் நடுவே நின்றது. பூதம் பேசியது, ஆனால் பேசக் கற்றுக்கொண்ட காட்சியை நேரம் கருதி வெட்டிவிட்டார்கள். மின்னல் காட்சிக்கு எட்டு நிமிடம் கொடுத்தார்கள். இது என் கணக்கு, கைக்கடிகாரம் பார்த்தேன்.

ஆனாலும் இந்தப் பயணங்களை நிறுத்திவிட வேண்டும் என்ற கட்சியில் நான் சேரமாட்டேன். காரணம், திரும்பி வரும்போது பேருந்தில் நடந்தது.

செங்கல்பட்டு தாண்டியதும் பூதம் பேருந்துக்குள் நடக்க ஆரம்பித்தது. ஒரு பையன் காலை விறைப்பாக இழுத்து இழுத்து நடைபாதையில் வந்தான். இன்னொருவன் விக்டராகிக் கம்பியில் ஏறிக்கொண்டான். ஒரு பெண் கைபேசி விளக்கை அணைத்து அணைத்து மின்னல் போட்டாள். மேடையில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்ததையும் நிழல் இரண்டாக விழுந்ததையும் அவள் கவனித்திருந்தாள். மூன்றாவதாக ஒருவன் யாரும் கேட்காமலே, கூத்தில் வரும் கட்டியங்காரன் வேலையை எடுத்துக்கொண்டான். "ஏம்பா ராசா, பெத்துட்டு பேரு வைக்காம ஓடிட்டியே, ரேசன் கார்டுல எப்பிடிச் சேக்கறது?" என்று கேட்டான். பேருந்தே அதிர்ந்தது. அந்த ஒரு கேள்வியில் நாவலின் சாரமே இருக்கிறது: பெயர் வைக்காமல் கைவிட்ட தகப்பன். அவனுக்குக் கதை முழுதாகப் புரியாவிட்டாலும் முக்கியமானது புரிந்திருக்கிறது. புரிந்ததைத் தன் கூத்து மொழியில் திருப்பிச் சொல்லிவிட்டான்.

இதைப் பாடப்புத்தகம் தராது, கைபேசித் திரையும் தராது. இருட்டில் நானூறு பேரோடு சேர்ந்து மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த உடம்புக்குத்தான் இது வரும். மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஜேம்ஸ் தர்பரின் பேய் நகைச்சுவை ஒன்று இருக்கிறது, ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகம் ஒன்றும் இருக்கிறது. முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவன் சொல்கிறேன்: உரக்க நடித்துக் காட்டாமல் கேள்வி-பதிலாக மட்டும் ஓட்டினால், எந்தப் பேயும் வகுப்பறைக்குள் வராது.

பேருந்துக்குள் வந்த பூதம் ஐந்து நிமிடம்தான் நடந்தது. "எல்லாரும் சீட்ல உக்காருங்க" என்று அதட்டல். உடனே ஆளுக்கொரு தாள். நாடகத்தில் கேட்ட பத்துப் புதிய ஆங்கிலச் சொற்களை எழுதி, வாக்கியத்தில் அமைக்க வேண்டும். கட்டியங்காரன் பேனா கடன் வாங்கினான். அன்றைய பயணத்தின் பெரிய நட்டம் எது என்று கேட்டால் இந்த இடத்தைக் காட்டுவேன்.

பணக் கணக்கும் சொல்லவேண்டும். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25-ல் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். 1,500 என்பது கிட்டத்தட்ட ஐந்து நாள் கூலி, அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால். வகுப்பில் பன்னிரண்டு பேர் வரவில்லை. "வயித்து வலி" என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

கல்வராயன் மலைப் பிள்ளைகளோ கணக்கிலேயே வருவதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் வெள்ளிமலை. மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, சிறார் படங்கள் திரையிடுகிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சிகள். நாடகக் குழு மட்டும் மலையேறுவதில்லை. இத்தனைக்கும், கோதிக் என்ற இலக்கிய வகைக்கு வேண்டிய சரக்கு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. 1764-ல் ஹோரஸ் வால்போல் தொடங்கிவைத்த நாளிலிருந்து அந்தக் கதைகளின் அடித்தளம் ஒன்றே: பழைய அதிகாரம், அதன் அநியாயம், செத்தும் போகாத நினைவு. கல்வராயன் மலை 1976-ல் அரசு கைக்கு வரும்வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கூலியில்லா வேலை செய்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு, கோட்டையும் பிரபுவும் சதுப்பு நிலமும் இங்கிலாந்துச் சங்கதியாகத் தோன்றவேண்டிய அவசியமில்லை. யாராவது எடுத்துச் சொன்னால்.

எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் இந்த ஊரிலேயே படித்தவர் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. புதுமைப்பித்தனின் தந்தை தாசில்தார். வேலை மாறுகிற இடமெல்லாம் மகனும் மாறினார். தொடக்கக் கல்வி செஞ்சியில், திண்டிவனத்தில், கள்ளக்குறிச்சியில். 1918-ல் தந்தை ஓய்வு பெற்றதும்தான் குடும்பம் திருநெல்வேலி திரும்பியது. அந்தக் கள்ளக்குறிச்சிப் பள்ளிப் பையன்தான் பின்னாளில் மேரி ஷெல்லியின் இந்த நாவலைத் தமிழில் தந்தவர். 'பிரேத மனிதன்' என்று பெயர் வைத்தார். நாங்கள் காலையில் இட்லி சாப்பிட்ட திண்டிவனமும் அவர் படித்த ஊர். நாற்பத்தாறு பிள்ளைகள், நான்கு ஆசிரியைகள், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவர்கூட அன்று அவர் பெயரை எடுக்கவில்லை. எனக்கு அது நினைவுக்கு வந்தது மறுநாள், வீட்டில், வேறொரு புத்தகம் தேடும்போது.

மொழிபெயர்த்ததோடு அவர் நிற்கவில்லை. 1943-ல் 'காஞ்சனை' எழுதினார். வீட்டு வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், நள்ளிரவில் வரும் ஒரு வாடை, நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் தவிக்கிற ஓர் எழுத்தாளன். மின்னல் இல்லை, கோட்டை இல்லை, நம் வீட்டு முற்றம்தான். படித்து முடித்தபின்னும் அவள் யார் என்பது தீராது. பயணத்துக்கு முந்தைய வாரம் 'காஞ்சனை', நாடகத்துக்கு முதல்நாள் 'பிரேத மனித'னில் கொட்டகைப் பகுதி, இரண்டையும் தமிழில் வாசித்துவிட்டுப் பேருந்து ஏறியிருந்தால், மேடையில் வந்த ஆங்கிலம் இவ்வளவு பெரிய சுவராக நின்றிருக்காது. கதை தெரிந்த காதுக்குச் சொல் தானாகப் பிடிபடும். பூதம் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

அடுத்த பயணத்துக்குத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கையில் இது பேய்க்கதை என்று வெளிப்படையாக எழுதுங்கள். முடிவு உட்பட முழுக் கதையையும் தமிழில் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது தாள் கொடுக்காதீர்கள். செங்கல்பட்டிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை பூதத்தை நடக்க விடுங்கள். முடிந்தால் அந்தக் குழுவில் நான்கு பேரை ஒரு பெட்டியோடு வெள்ளிமலைக்கு அழைத்துப் பாருங்கள். புதுமைப்பித்தன் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 2002-லேயே நாட்டுடைமையாக்கிவிட்டது. கொட்டகைப் பகுதியை வகுப்புக்கு நகல் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்; பக்கத்துக்கு ஒரு ரூபாய் ஆகும்.